ஓர் உடலில் இரு இரத்தப் புற்றுகள்

நோயாளி ஒருவரிடம் நான்கு குறிகள் காணப்பட்டால், அந்நான்கிற்கும் மூலமான நோய் ஒன்றே எனக் கொண்டு தேடத் தொடங்குவது மருத்துவர்களின் நெடுநாள் வழக்கம். ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் கூறுங்கால் தேவைக்கு மிஞ்சிய காரணங்களைப் பெருக்குதல் கூடாது என்னும் தருக்க நெறியே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இங்கிலாந்து நாட்டுத் துறவியாகிய ஓக்கம் வில்லியம் என்பாரின் பெயரால் இந்நெறி மேனாட்டு அறிஞரிடையே வழங்கி வருகின்றது. இளைஞர்க்கு வரும் நோய்களில் இது பெரும்பாலும் பிழைபடுவதில்லை.

ஆனால் 70 வயதைக் கடந்தோர் நிலை வேறு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நோய்கள் பல ஓர் உடலிலேயே குடியிருத்தல் அவ்வயதில் இயல்பு. ஒரு நோயாளி தாம் விரும்பும் அளவுக்கு எத்தனை நோய்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று நகைச்சுவையாகக் கூறும் மொழியொன்று, ஜான் ஹிக்கம் என்னும் அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்குகின்றது. இவ்விரு நெறிகளும் மோதும் இடங்களுள் மிக நுட்பமானது இரத்தப் புற்றுநோய். ஒரே முதியவரிடம் இரண்டு இரத்தப் புற்றுகள் ஒருங்கே இருத்தல் அரிது, ஆயினும் இல்லாததன்று. இரண்டில் ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிட்டால், மற்றொன்று மறைவில் வளர்ந்து எலும்பையும் சிறுநீரகத்தையும் அழித்துவிடக் கூடும். அவ்விரண்டையும் பிரித்தறியும் முறை எத்தகையது என்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

இரத்தம் பிறக்கும் இடம்

1845ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பாரும், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ருடால்ப் விர்க்கோ என்பாரும், வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி இரத்தமே நிறம் மாறிய நோயாளிகளைப் பற்றித் தனித்தனியே எழுதினர். விர்க்கோ 1847இல் இந்நோய்க்கு ‘லுகேமியா’ என்று பெயரிட்டார். வெண்மை என்றும் இரத்தம் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டே அப்பெயர். இரத்த அணுக்கள் எங்கே பிறக்கின்றன என்பது அன்று தெரியாது. எலும்பினுள் இருக்கும் மச்சையே அவற்றின் பிறப்பிடம் என்பதை 1868இல் எர்னஸ்ட் நாய்மன் என்பார் எடுத்துக்காட்டினார்.

எலும்பு மச்சையிலுள்ள மூல அணுக்களிலிருந்து இரு பெருங்கிளைகள் பிரிகின்றன. ஒரு கிளையில் செவ்வணு, தட்டணு, வெள்ளணுக்களுள் பெரும்பகுதி ஆகியவை தோன்றும். மற்றொரு கிளையில் ‘லிம்போசைட்’ எனப்படும் நிணநீர் அணுக்கள் தோன்றும். இவற்றுள் ‘பி’ வகையைச் சேர்ந்தவை, கிருமிகளை எதிர்கொண்டபின் முதிர்ந்து ‘பிளாஸ்மா அணு’ என்னும் நிலையை அடையும். கிருமியைப் பற்றிப் பிணிக்கும் எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரப்பது இந்தப் பிளாஸ்மா அணுவேயாம்.

ஆகவே இரத்தப் புற்று என்பது ஒரு நோயின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். எந்தக் கிளையில், எந்தப் பருவத்தில் ஓர் அணு கட்டுமீறிப் பெருகுகின்றதோ அதற்கேற்ப நோயின் பெயரும் போக்கும் மாறும். நிணநீர் அணுப் பருவத்தில் பெருகினால் நாட்பட்ட நிணநீர் அணுப் புற்று. பிளாஸ்மா அணுப் பருவத்தில் பெருகினால் மைலோமா. இரண்டும் முதியோரையே மிகுதியாகப் பற்றுவன. இரண்டிலும் நோய் கண்டறியப்படும் வயது பெரும்பாலும் 70ஐ ஒட்டியே அமைகின்றது.

இரு நோய்களின் இயல்பு

நாட்பட்ட நிணநீர் அணுப் புற்று மெல்ல நடக்கும் நோய். வேறு காரணத்திற்காக இரத்தம் சோதிக்கப்படும்போது தற்செயலாக வெளிப்படுவது மிகுதி. ஒரே மூல அணுவின் வழித்தோன்றலாகிய ‘பி’ அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 5,000க்குக் குறையாமல் மூன்று திங்களுக்கு நிலைத்திருந்தால் இந்நோய் என்பது உறுதிப்படும். ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் வயது வந்தோரைப் பற்றும் லுகேமியாவுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சீனர், சப்பானியர் முதலிய கிழக்காசிய மக்களிடையே இது அரிது. தொல்லை தராத வரையில் மருந்து கொடாமல் கண்காணித்து வருவதே இதற்கு முதல் முறை. பல்லாண்டுகள் அவ்வாறே கழிப்பவர் பலர்.

மைலோமாவின் போக்கு அத்தகையதன்று. 1845இல் இலண்டன் மாநகரில் 45 வயது வணிகர் ஒருவர் எலும்பு நோவினால் வாடினார். அவருடைய சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வேதியியல் அறிந்த மருத்துவரிடம் அனுப்பப்பட்டது. அதில் அமிலம் சேர்த்தபோது திரண்ட பொருள், சூடாக்கியபோது கரைந்து, ஆறியபோது மீண்டும் திரண்டது. இவ்வாறு நடக்கும் புரதம் அதற்குமுன் அறியப்படாதது. 1846ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே அந்நோயாளி இறந்தார்; அவருடைய எலும்புகள் மென்மையுற்று நொறுங்கும் நிலையில் இருந்தன. அப்புரதம் எதிர்ப்பொருளின் ஓர் உறுப்பாகிய ‘இலகு சங்கிலி’ என்பதை எடல்மன், கேலி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1962இல் மெய்ப்பித்தனர். நூறாண்டுக்கு மேற்பட்ட புதிர் அன்று அவிழ்ந்தது.

மைலோமாவின் தீங்குகள் நான்கு: இரத்தத்தில் கால்சியம் ஏறுதல், சிறுநீரகம் கெடுதல், சோகை, எலும்பு அரிக்கப்படுதல். இந்நான்கில் ஒன்று தோன்றினும் மருத்துவம் தாமதிக்கலாகாது. ஒரு நோய் காத்திருக்க இடந்தருவது. மற்றொன்று காத்திருந்தால் கெடுப்பது. இரண்டும் ஓருடலில் சேர்ந்தால் எத்தகைய இக்கட்டு நேரும் என்பது இதனால் விளங்கும்.

ஒன்று மற்றொன்றை மறைக்கும் விதம்

விளக்கத்தின் பொருட்டு 74 வயது முதியவர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். சில திங்களாக அவருக்கு அயர்ச்சி; முதுகில் ஓயாத வலி. வயதானால் இவை வருவது இயற்கை என வீட்டார் எண்ணுகின்றனர். கடையில் வாங்கிய வலி மாத்திரையுடன் காலம் கழிகின்றது. பின்னர் இரத்தம் சோதிக்கப்படுகின்றது. வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 28,000. அவற்றுள் நிணநீர் அணுக்களே 22,000. ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 9.2 கிராம். தட்டணுக்களோ குறையவில்லை.

வெள்ளணுக்களின் எண்ணிக்கை கண்ணைப் பறிக்கின்றது. நாட்பட்ட நிணநீர் அணுப் புற்று என்ற முடிவு எளிதில் கிட்டுகின்றது, அம்முடிவு சரியானதே. பிழை நேர்வது அதற்கடுத்த அடியில்தான். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய காந்தி ராய் என்னும் மருத்துவர் 1975இல் வகுத்த முறைப்படி, இந்நோயில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இறங்கினால் நோய் முற்றிய படியை அடைந்ததாகக் கொள்ளப்படும். எனவே சோகையை இந்நோயின் கணக்கில் எழுதி, அதற்குரிய மருந்தைத் தொடங்கிவிடுதல் எளிது. முதுகுவலி முதுமையின் கணக்கில் எழுதப்படும். மைலோமா எவர் கணக்கிலும் எழுதப்படாமல் வளரும்.

இவ்விடத்தில் தேர்ந்த மருத்துவர் கையாளும் முறை ஒன்றுண்டு. கண்ட நோயை ஒருபுறம் நிறுத்தி, ஒவ்வொரு குறியையும் எடுத்து, ‘இக்குறியை அந்நோய் விளைவிக்குமா?’ என்று தனித்தனியே வினவுவதே அது. நிணநீர் அணுக்களின் பெருக்கத்தை அந்நோய் விளக்கும். சோகையை விளக்குமா? மச்சை முழுதும் புற்றணுக்களால் நிறைந்து செவ்வணு குறைந்ததாயின், தட்டணுவும் பெரும்பாலும் குறைந்திருக்க வேண்டும். நிணக் கட்டிகளும் மண்ணீரலும் வீங்கியிருப்பதும் எதிர்பார்க்கத்தக்கது. அவை இல்லையெனின் ஐயம் எழுகின்றது. எலும்பு வலியை விளக்குமா? அந்நோய் எலும்பை அரிப்பது மிக அரிது. கால்சியமும் சிறுநீரகமும் சோதிக்கப்பட்டு அவையும் கெட்டிருக்குமாயின், இவற்றை அந்நோய் எளிதில் விளக்காது. விளக்கப்படாமல் எஞ்சி நிற்கும் குறியே இரண்டாம் நோய்க்கு வழிகாட்டி.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய மாத்திரைகளுள் பல, மைலோமாவினால் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை. ஆகவே முதியவரின் ஓயாத முதுகுவலியை வயதின் குற்றம் எனத் தள்ளிவிடுதல் தீங்கற்ற பிழையன்று.

ஆய்வின் படிகள்

முதற்படி மிக எளியது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காணுதலே அது. நிணநீர் அணுப் புற்றில், தேய்க்கும்போதே உடைந்து நசுங்கிய அணுக்கள் நிழல்போல் தோன்றும். மைலோமாவில், இரத்தத்தில் மிகுந்த புரதத்தால் செவ்வணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் காசு அடுக்கியதுபோல் ஒட்டி நிற்கும். இவ்விரு காட்சிகளும் ஒரே சில்லில் தென்படுமாயின் மருத்துவர் விழிப்படைய வேண்டும்.

இரண்டாம் படி இரத்தப் புரதத்தை ஆராய்தல். சுவீடன் நாட்டு அறிஞர் திசேலியஸ் 1937இல் செம்மைப்படுத்திய மின்புலப் பிரிப்பு முறைக்கு 1948ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிட்டியது. மின்சாரம் பாயும் புலத்தில் புரதங்கள் தத்தம் மின்னூட்டத்திற்கேற்ப ஓடிப் பிரியும். இயல்பான எதிர்ப்பொருள்கள் பலவகைப்பட்டவை. ஆதலின் வரைபடத்தில் அவை அகன்ற மேடாகத் தோன்றும். ஒரே குலத்தைச் சேர்ந்த பிளாஸ்மா அணுக்கள் ஒரே வகைப் புரதத்தைக் கொட்டும்போதோ, அவ்விடத்தில் கோயில் கோபுரம்போல் ஒடுங்கி உயர்ந்த முகடு எழும்.

சிறுநீர்ச் சோதனையில் ஒரு பொறி உள்ளது. மருத்துவ நிலையங்களில் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் தாள், ‘ஆல்புமின்’ என்னும் புரதத்தை மட்டுமே செம்மையாகக் காட்டும். பென்ஸ் ஜோன்ஸ் கண்ட இலகு சங்கிலியை அது காணாது விட்டுவிடும். தாள் நிறம் மாறவில்லை என்பதால் புரதம் இல்லை என முடிவு செய்தல் ஆகாது. இலகு சங்கிலியை இரத்தத்திலேயே நேராக அளக்கும் முறை 2001 முதல் வழக்கிற்கு வந்து இக்குறையைப் பெரிதும் போக்கியுள்ளது.

மூன்றாம் படி அணுக்களின் மேற்பரப்பைப் படித்தல். அணுக்களின் மேல் அமைந்த அடையாளப் புரதங்களுக்கு எண்ணிட்டுப் பெயர் வழங்குகின்றனர். நிணநீர் அணுப் புற்றில் சிடி-5, சிடி-19, சிடி-23 ஆகியவை ஒருங்கே காணப்படும். பிளாஸ்மா அணுக்களின் அடையாளம் சிடி-38, சிடி-138 என்பன. ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள்களை அணுக்களோடு கலந்து, ஒவ்வோர் அணுவாக லேசர் ஒளிக்கதிரின் முன் ஓடச் செய்தால், கருவி அவற்றை இனம் பிரித்து எண்ணிவிடும். இதற்கு வேண்டிய தூய எதிர்ப்பொருள்களைச் செய்யும் வழியைக் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் 1975இல் கேம்பிரிட்ஜ் நகரில் கண்டனர். எலியின் மைலோமா அணுவை எதிர்ப்பொருள் சுரக்கும் அணுவோடு இணைத்தே அவர்கள் அதனைச் செய்தனர். நோயே நோயறியும் கருவியாயிற்று.

எவ்வளவு நுட்பமான கருவியாயினும், கேட்ட வினாவிற்கே அது விடை கூறும். நிணநீர் அணுக்களை மட்டும் ஆராய்க என்று குறித்தனுப்பினால் பிளாஸ்மா அணுக்கள் கணக்கில் வாரா. பிளாஸ்மா அணுக்கள் எளிதில் சிதைவதால், இக்கருவியில் அவற்றின் எண்ணிக்கை குறைவாகவே தோன்றுவதும் உண்டு. ஐயம் எதுவென்பதை ஆய்வுக்கூடத்திற்கு எழுதியனுப்புதல் மருத்துவரின் கடமை.

நான்காம் படி எலும்பு மச்சையை நேரே காணுதல். இடுப்பெலும்பின் பின்புறத்தில் அவ்விடத்தை மரக்கச் செய்து, ஊசியால் நீர்மச் சாறும் ஒரு சிறு எலும்புத் துண்டும் எடுக்கப்படும். மைலோமா மச்சை முழுதும் சீராகப் பரவாமல் ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருப்பதுண்டு; ஆதலின் சாற்றில் அகப்படாதது துண்டில் அகப்படலாம். அத்துண்டில் இரு நோய்களும் அருகருகே குடியிருப்பதைத் தனித்தனிச் சாயங்களால் பிரித்துக் காணலாம். எலும்பின் நிலையை அறிய, சாதாரண எக்ஸ்-ரே போதாது. எலும்பின் சுண்ணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கரைந்த பின்னரே அதில் குறை தெரியும். கணிப்பொறிவழி அடுக்குப் படமும் காந்தப் படமும் அதற்கு முன்னரே காட்டிவிடும்.

காப்பாவும் லாம்டாவும்

இரு நோய்களும் காணப்பட்டபின் எழும் வினா, அவை இருவேறு நோய்களா, ஒன்றின் இரு முகங்களா என்பது. நிணநீர் அணு முதிர்ந்தே பிளாஸ்மா அணுவாகின்றது என்பதை எண்ணினால் இவ்வினாவின் பொருத்தம் புலனாகும்.

இதற்கு விடை தருவது மீண்டும் இலகு சங்கிலியே. 1956இல் கோர்ன்கோல்டு, லிப்பாரி என்னும் இருவர் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் இருவகைப்படும் எனக் கண்டனர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்தை ஒட்டியே அவ்வகைகள் காப்பா, லாம்டா எனும் கிரேக்க எழுத்துகளால் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு ‘பி’ அணுவும் இவ்விரண்டில் ஒன்றையே தேர்ந்து கொள்ளும். அதன் வழித்தோன்றல்களும் அதனையே கொண்டிருக்கும். இயல்பான உடலில் காப்பா அணுக்கள் இரண்டு பங்கும் லாம்டா அணுக்கள் ஒரு பங்குமாகக் கலந்திருக்கும். ஒரே குலம் பெருகும்போதோ அனைத்தும் ஒரே வகையாய் நிற்கும்.

எனவே நிணநீர் அணுப் புற்று காப்பாவாகவும் பிளாஸ்மா அணுக்கள் லாம்டாவாகவும் இருப்பின், அவை பெரும்பாலும் இரு தனிக்குலங்களே எனக் கொள்ளலாம். இரண்டும் ஒரே வகையாக இருப்பின் மட்டும், ஒரே குலம் என்று துணிந்துவிட முடியாது. தலைப்பெழுத்து ஒத்திருப்பதால் இருவர் உடன்பிறந்தாராகிவிடார் அன்றோ? அந்நிலையில் மரபணுவை நாடவேண்டும். எதிர்ப்பொருளுக்குரிய மரபணுத் துண்டுகளை ஒவ்வோர் அணுவும் தனக்கே உரிய முறையில் வெட்டி இணைத்துக் கொள்கின்றது என்பதைச் சப்பானிய அறிஞர் தொனெகாவா 1976இல் காட்டினார். 1987இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவ்விணைப்பு அணுக்குலத்தின் கைரேகை போன்றது. இரு நோய்களின் கைரேகையும் ஒப்பிடப்பட்டால் உறவு வெளிப்படும். தனிக்குலமாக நின்றவையும், ஒரே குலத்திலிருந்து பிரிந்தவையும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இரண்டாவது உண்மையில் புற்றுதானா?

ஒரு நோயோடு நின்றுவிடுதல் ஒரு பிழையென்றால், இல்லாத இரண்டாம் நோயைக் கற்பித்தல் அதற்கு எதிரான பிழை. இரத்தப் புரதத்தில் ஒடுங்கிய முகடு தோன்றுவதாலேயே மைலோமா என்று கூறிவிடலாகாது. நிணநீர் அணுப் புற்றே சிறிதளவு அத்தகைய புரதத்தைச் சுரப்பதுண்டு. மேலும், நோயற்ற முதியோர் பலரிடமும் அம்முகடு உண்டு. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கைல் 1978இல் இந்நிலையைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வில் 50 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு மூவரிடம் இது காணப்பட்டது. இவர்களுள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே மைலோமா போன்ற நோய்க்கு ஆளாகின்றனர்.

இங்குதான் எண்கள் துணை செய்கின்றன. மச்சையில் ஒரே குலத்துப் பிளாஸ்மா அணுக்கள் நூற்றுக்கு 10க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அதோடு மேற்கூறிய நான்கு தீங்குகளுள் ஒன்றேனும் அவற்றால் விளைந்திருத்தல் வேண்டும். அப்போதே மருத்துவம் வேண்டும் மைலோமா என்பது உறுதிப்படும். தீங்கு தோன்றாவிடினும், அவ்வணுக்கள் நூற்றுக்கு 60ஐ எட்டுதல் முதலிய சில அடையாளங்கள் இருந்தாலே மைலோமாவாகக் கொள்ளலாம் எனப் பன்னாட்டு அறிஞர் குழு 2014இல் வரையறுத்தது.

‘அவற்றால் விளைந்திருத்தல்’ என்னும் சொற்கள் உன்னிப்பாகக் கருதத்தக்கவை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, முதியவரின் சோகை இரும்புச் சத்துக் குறைவினால் வந்திருக்கலாம். சிறுநீரகம் நீரிழிவினால் கெட்டிருக்கலாம். நிணநீர் அணுப் புற்றில், உடலே தன் செவ்வணுக்களை அழித்துக்கொள்ளும் நிலையும் ஏற்படுவதுண்டு. அதனைக் கூம்ஸ் முதலியோர் 1945இல் அமைத்த சோதனை வெளிப்படுத்தும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே புற்றின்மேல் பழி சுமத்தல் தகும்.

பிரித்தறிவதால் ஆவது என்ன?

இத்துணை நுட்பமாக ஆராய்வது வெறும் அறிவு வேட்கைக்காக அன்று. மருத்துவம் எந்த நோயை முன்னிட்டு நடக்கவேண்டும் என்பது இதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. இரண்டும் ஒருங்கே இருக்கும் முதியோர் பலரிடம் அவசரம் மைலோமாவுக்கே உரியது. நிணநீர் அணுப் புற்றைக் கண்காணித்தாலே போதும். நோய் மாறி மருந்து கொடுத்தால் பயனின்மையோடு தீங்கும் நேரும். மைலோமாவில் பெரும்பயன் விளைத்த லெனலிடமைடு என்னும் மருந்தை, 65 வயதைக் கடந்த நிணநீர் அணுப் புற்று நோயாளர்க்கு முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் நிறுத்தப்பட்டது. அம்மருந்து பெற்றோரிடையே இறப்பு மிகுந்ததே காரணம். ஓருடலில் இரு நோயும் இருக்கும்போது இத்தகைய செய்திகளை மருத்துவர் எடைபோட்டே மருந்தைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

இரு நோய்களும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை. இயல்பான எதிர்ப்பொருள் இரண்டாலும் நலிவதால், நுரையீரல் காய்ச்சல் முதலிய தொற்றுகள் முதியவரை எளிதில் வீழ்த்தும். தடுப்பூசியும், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை அடைதலும் இவர்களுக்கு இன்றியமையாதவை.

இரு புற்று என்று கேட்டதும் குடும்பத்தார் மனம் தளர்வது இயற்கை. ஆயினும் பெயர் இரண்டானதால் துன்பமும் இருமடங்காகிவிட்டது என்பதில்லை. அறியப்படாத நோய்க்கு மருந்தில்லை; அறியப்பட்ட பின் இரண்டுக்கும் இன்று வழியுண்டு. மைலோமாவுக்கு 2003 முதலும், நிணநீர் அணுப் புற்றுக்கு 2014 முதலும் புதுமருந்துகள் பல அடுத்தடுத்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவியுள்ளன. முதியவரின் வலிமையையும் விருப்பத்தையும் அறிந்து அளவறிந்து கொடுத்தால், அவற்றால் நல்வாழ்வு நீள்கின்றது.

முதுமையில் அயர்ச்சி வரும், முதுகு வலிக்கும். ஆனால் அயர்ச்சியும் வலியும் நாட்கணக்கில் நீங்காதபோது அவற்றை முதுமையின் தலையில் கட்டிவிடாமல், காரணம் வினவுவதே அறிவுடைமை. ஒரு காரணம் கிடைத்த பின்னும், எல்லாக் குறிகளும் அதனுள் அடங்கிவிட்டனவா என மீண்டும் ஒருமுறை வினவுதல் அதனினும் சிறந்த அறிவுடைமையாகும்.